பன்னிரண்டாம் எண் படகு: நடு அட்லாண்டிக்கில் 46 பேர், எட்டு நாட்கள்

ஹிட்ச்காக் இயக்கி 1944-ல் வெளிவந்த 'லைஃப்போட்' படம் முழுவதும் ஒரே ஓர் உயிர்காப்புப் படகுக்குள் நடக்கிறது. டார்பிடோ தாக்கி மூழ்கிய கப்பலிலிருந்து தப்பியவர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களோடு, தாக்கிய நீர்மூழ்கியைச் சேர்ந்த ஒரு ஜெர்மானியனும் ஏறிக்கொள்கிறான். யார் தலைமை ஏற்பது, எந்தத் திசையில் போவது, தண்ணீர் யாரிடம் இருக்கிறது என்ற இழுபறிதான் கதை. விறுவிறுப்பான படம், இன்றைக்கும் சலிக்காது.

அந்தப் படம் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அட்லாண்டிக்கில் ஓர் உண்மையான படகு, 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' என்ற பிரிட்டிஷ் கப்பலின் பன்னிரண்டாம் எண் உயிர்காப்புப் படகு, எட்டு நாட்கள் தத்தளித்தது. அதில் ஏறியவர்கள் 46 பேர். அதிகாரத்துக்காக அங்கே பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதும், அந்தப் படகு எட்டு நாட்கள் யார் கண்ணிலும் படாமல் போனது எப்படி என்பதுமே இந்த ஆய்வின் இரு கேள்விகள். சம்பந்தப்பட்டவர்களைப் பெயரால் அல்லாமல் அவர்கள் செய்த வேலையால் குறிப்பிடுகிறேன்.

பின்னணி

1940 கோடையில் பிரான்ஸ் வீழ்ந்தது. பிரிட்டன்மீது படையெடுப்பு வரும் என்ற அச்சம் பரவியது. பிள்ளைகளைக் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்கு அனுப்பிவைக்க பிரிட்டிஷ் அரசே ஒரு வாரியத்தை அமைத்தது. பணம் படைத்தவர்கள் ஏற்கெனவே தங்கள் பிள்ளைகளைச் சொந்தச் செலவில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சாதாரணக் குடும்பங்களுக்கும் அந்த வாய்ப்பு வேண்டும் என்பதுதான் திட்டத்தின் நோக்கம்.

ஆகஸ்ட் இறுதியில் இத்திட்டத்தின் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற 'வோலென்டாம்' என்ற கப்பலை டார்பிடோ தாக்கியது. முந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அதில் இருந்தார்கள். பிள்ளைகளில் ஒருவர்கூடச் சாகவில்லை. பின்னால் நடந்ததை வைத்துப் பார்த்தால், அந்த நல்ல முடிவே ஒரு தவறான நம்பிக்கையை விதைத்துவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. படகுகள் ஒழுங்காக இறங்கின, பக்கத்துக் கப்பல்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டன. அதனால் ஏற்பாடுகள் போதும் என்று ஆகிவிட்டது.

இரண்டே வாரத்தில், செப்டம்பர் 13 வெள்ளிக்கிழமை, 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' லிவர்பூலிலிருந்து கனடாவுக்குப் புறப்பட்டது. 1936-ல் கட்டப்பட்ட, 11,000 டன்னுக்குச் சற்று மேலான பயணிகள் கப்பல் அது. இந்தியத் தடத்துக்காகவே கட்டியது. மாலுமிகளிலும் பணியாளர்களிலும் பெரும்பாலோர் இந்தியர்கள். பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளை லாஸ்கர் என்று அழைப்பார்கள். அவர்களுடைய ஒப்பந்தமே தனி. அதே கப்பலில் வேலை செய்யும் வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் ஒரு சிறு பங்குதான் அவர்களுக்குக் கிடைத்தது. கப்பலில் மொத்தம் 407 பேர், அவர்களில் 90 பேர் திட்டத்தின் பிள்ளைகள்.

தாக்குதலுக்கு முன் கவனித்தவை

பல கப்பல்கள் கூட்டமாகச் செல்லும் ஓர் அணியோடு கப்பல் சென்றது. பாதுகாப்புக்கு ஒரு நாசகாரிக் கப்பலும் இரண்டு சிறிய போர்க்கப்பல்களும் துணையாக வந்தன. செப்டம்பர் 17 அதிகாலையில் அவை விடைபெற்று, பிரிட்டனை நோக்கி வரும் வேறோர் அணியைச் சந்திக்கப் போய்விட்டன. அன்றைய வழக்கம் அது. குறிப்பிட்ட தூரம் தாண்டினால் ஆபத்து குறைவு என்பது கணக்கு. ஆனால் பிரான்சின் மேற்குக் கரைத் துறைமுகங்கள் கைக்கு வந்த பிறகு ஜெர்மன் நீர்மூழ்கிகளால் முன்னைவிட வெகுதூரம் மேற்கே போக முடிந்தது. எல்லை நகர்ந்துவிட்டது, கணக்கு மட்டும் பழையபடியே இருந்தது.

துணைக் கப்பல்கள் போன பிறகு அணி கலைந்து, ஒவ்வொரு கப்பலும் தன் வேகத்தில் போக வேண்டும் என்பது ஏற்பாடு. 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) வேகத்தில் செல்லக்கூடியது. அணி கலையாததால் மெதுவான சரக்குக் கப்பல்களோடு அதுவும் ஊர்ந்தது. வானிலை மோசமாக இருந்ததால் வளைந்து வளைந்து செல்லும் தற்காப்பு ஓட்டத்தையும் இரவில் நிறுத்தினார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயணத்தின் முதல் நாட்களில் பிள்ளைகள் உடுத்திய உடையோடும் லைஃப் ஜாக்கெட்டோடும் தூங்கினார்கள். ஆபத்தான பகுதி கடந்துவிட்டது என்று கருதப்பட்டதால் அன்றிரவு இரவு உடையில் படுக்க அனுமதி கிடைத்தது. அன்பால் எடுத்த முடிவு அது. குளிரில் இறந்த பிள்ளைகளைப் பற்றிப் படிக்கும்போது இதைத் தாண்டிப் போக முடிவதில்லை.

அந்த இரவு

இரவு பத்து மணி அளவில் யு-48 என்ற நீர்மூழ்கியின் டார்பிடோ கப்பலின் பின்பகுதியைத் தாக்கியது. பிள்ளைகள் தங்கிய அறைகளும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. கப்பல் சுமார் அரை மணி நேரத்தில் மூழ்கியது. பேரலை, காற்று, ஆலங்கட்டி மழை. படகுகளை இறக்கும்போதே சில கவிழ்ந்தன, சிலவற்றில் தண்ணீர் நிறைந்தது. டார்பிடோ தாக்கிய கப்பலுக்காக மற்றவை நிற்கக் கூடாது என்பது அணியின் கட்டளை. அதன்படி அவை விலகிப் போயின.

தண்ணீர் நிறைந்த படகுகளில் இடுப்பளவு நீரில் உட்கார்ந்திருந்தவர்கள் விடிவதற்குள் ஒவ்வொருவராக இறந்தார்கள். பருத்தி உடை மட்டுமே அணிந்திருந்த லாஸ்கர்களும், இரவு உடையில் இருந்த பிள்ளைகளும்தான் முதலில் விழுந்தார்கள். கவிழ்ந்த படகின் அடிப்பலகையைப் பற்றிக்கொண்டு இரண்டு சிறுமிகள் மறுநாள் வரை உயிர் பிழைத்தார்கள் என்பதும் அதே இரவின் கதைதான். நம் ஆய்வு அவர்களைப் பற்றியதல்ல என்பதால் அதை இத்தோடு விடுகிறேன்.

பன்னிரண்டாம் எண் படகு மற்றப் பலவற்றைவிட ஒழுங்காக இறங்கியது. மற்ற எல்லா நல்ல முடிவுகளுக்கும் அடிப்படை இதுதான். உலர்ந்த படகில்தான் தண்ணீர்ப் பங்கீடு பற்றி யோசிக்கவே முடியும். அதில் ஏறியவர்கள்: கப்பலின் இளநிலை அதிகாரி ஒருவர், ஒரு பீரங்கிப் படைவீரர், ஒரு சமிக்ஞை மாலுமி, ஒரு பணியாளர், போலந்துக்காரர் ஒருவர், பிள்ளைகளுக்குத் துணையாக வந்த ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், இன்னொரு துணையாளரான பியானோ ஆசிரியை, ஆறு சிறுவர்கள், அப்புறம் முப்பதுக்கும் மேற்பட்ட லாஸ்கர்கள்.

ஆசிரியையின் பொறுப்பில் இருந்தவர்கள் சிறுமிகள். அவர்களைத் தேடிக் கீழே திரும்பிப் போனவரை மேலே அனுப்பி, இந்தப் படகில் ஏற்றிவிட்டார்கள். ஆக, அவர் முன்பின் பழகாத சிறுவர்களோடு எட்டு நாட்கள் இருக்க வேண்டியதாயிற்று.

முதல் காலையின் முடிவுகள்

விடிந்தபோது சுற்றிலும் வேறு படகு இல்லை. நிலம் சுமார் 600 மைல் தொலைவில். படகில் உணவு மூன்று வாரத்துக்கு இருந்தது, தண்ணீர் ஒரு வாரத்துக்குத்தான்.

படகை நடத்தும் பொறுப்பு இளநிலை அதிகாரியிடம் இருந்தது. அவர் எடுத்த முடிவுகளில் நான்கு முக்கியமானவை. நான்கையும் நெருக்கடி முற்றுவதற்கு முன்பே எடுத்துவிட்டார்.

திசை. பாயை விரித்துக் கிழக்கே, அயர்லாந்து நோக்கிப் போவது என்று தீர்மானித்தார். அந்தக் கடலில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும், ஆகவே காற்றோடு ஓடலாம். மூழ்கிய இடத்திலேயே காத்திருப்பதுதான் சரி என்று வாதிடலாம். மீட்புக் கப்பல் அங்கேதான் முதலில் வரும். ஆனால் அந்தக் கடலில் ஒரு படகை அசையாமல் நிறுத்திவைக்க வழியில்லை. நகராவிட்டாலும் அது அடித்துச் செல்லப்பட்டிருக்கும். ஒரு வாரத் தண்ணீரை வைத்துக்கொண்டு திசையில்லாமல் மிதப்பதைவிடத் திசையோடு மிதப்பது மேல். இந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன்.

இடம். படகில் யாருக்கும் படுக்க இடமில்லை. அணியத்தில், அதாவது படகின் முனைப் பக்கம், கித்தான் துணியால் மறைப்புக் கட்டி, சிறுவர்களையும் ஆசிரியையையும் பாதிரியாரையும் அங்கே உட்காரவைத்தார்கள். காற்றும் அலைத்துளியும் ஓரளவு தடுக்கப்பட்டன. யார் எங்கே என்ற கேள்வி முதலிலேயே தீர்ந்தது.

வேலை. இந்தப் படகில் துடுப்புகளுக்குப் பதிலாக, முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும் கைப்பிடிகள் வரிசையாக இருந்தன. அவற்றை இயக்கினால் அடியிலுள்ள சுழலி சுற்றும். துடுப்புப் போட்டுப் பழக்கமில்லாதவரும் இதை இயக்கலாம். பெரிய வேகம் கிடைக்காது. ஆனால் உடல் சூடாக இருக்கும், முறை வைத்து மாற்றிக்கொள்ள ஒரு வேலையும் கிடைக்கும்.

தண்ணீர். இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

தண்ணீரும் சோறும்

தண்ணீர் நாளுக்கு இரண்டு வேளை, சிறு குவளையில் சில மடக்கு. அதோடு கப்பல் பிஸ்கட், டின் மீன், சில சமயம் கெட்டிப்பால், டின் பழம். எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே நேரம். அதிகாரியின் கண் முன்னால்தான் விநியோகம்.

இரண்டாம் மூன்றாம் நாளிலேயே உணவு ஒரு பொருட்டில்லாமல் போனது. வாய் உலர்ந்தவர்களால் கல் போன்ற பிஸ்கட்டை மெல்லவோ விழுங்கவோ முடியவில்லை. மூன்று வாரத்துக்கு உணவும் ஒரு வாரத்துக்குத் தண்ணீரும் வைத்த அந்தக் கால இருப்புப் பட்டியல் தலைகீழாக இருந்தது என்பது இங்கே தெளிவாகிறது. உணவில்லாமல் மனிதன் வாரக்கணக்கில் தாங்குவான், தண்ணீரில்லாமல் சில நாட்கள்தான்.

இப்படிப்பட்ட படகுகளில் பெரிய எதிரி, சுற்றிலும் இருக்கும் தண்ணீரே. கடல் நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். நம் சிறுநீரகத்தால் அவ்வளவு செறிவான உப்பை வெளியேற்ற முடியாது. குடித்த நீரைவிட அதிக நீரை உடலிலிருந்து எடுத்துத்தான் அந்த உப்பைக் கழுவ வேண்டும். குடிப்பவருக்குத் தாகம் கூடும், புத்தி தடுமாறும், சிலர் கடலில் குதித்துவிடுவார்கள். போர்க்கால உயிர்காப்புப் படகுகளின் அனுபவங்களைத் தொகுத்து 1956-ல் வெளிவந்த பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு இதை எண்களில் காட்டியது. கடல் நீர் குடித்தவர்கள் இருந்த படகுகளில் இறப்பு சுமார் 39 சதவீதம், மற்றவற்றில் சுமார் 3 சதவீதம். (ஏற்கெனவே மோசமான நிலையில் இருந்த படகுகளில்தான் ஆட்கள் கடல் நீரைத் தொட்டிருப்பார்கள் என்ற எதிர்வாதத்தையும் மனத்தில் வைக்க வேண்டும். இருந்தாலும் இடைவெளி மிகப் பெரியது.)

பன்னிரண்டாம் எண் படகில் கொடுத்த அளவு இன்றைய பார்வையில் மிகக் குறைவு. ஆனால் 'அடுத்த குவளை எப்போது' என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கடல் நீரைக் கையில் அள்ளவிடாமல் தடுத்ததில் அந்தத் தெரிந்த நேரத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். படத்தில் வருவதுபோல் ஒருவன் ரகசியமாகத் தண்ணீர் ஒளித்து வைத்திருக்கிறான் என்ற சந்தேகம் எழுந்திருந்தால் மூன்றாம் நாளே ஒழுங்கு குலைந்திருக்கும். பங்கீடு எல்லார் கண் முன்னாலும் நடந்ததால் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போனது.

பிள்ளைகள்

ஆறு சிறுவர்களுக்கும் எட்டு நாட்களும் ஒரே ஆள்தான் பொறுப்பு. பகலில் ஆசிரியை அவர்களுக்கு ஒரு துப்பறியும் சாகசக் கதையைத் தொடராகச் சொன்னார். ஒற்றர்கள், துரத்தல், தப்பித்தல் எல்லாம் உண்டு. சிக்கலான இடத்தில் நிறுத்தி, மீதியை அடுத்த வேளைக்கு வைத்துவிடுவார். கதை தீரக் கூடாது என்பதற்காகவே புதுப் புது ஆபத்துகளைக் கற்பனை செய்ய வேண்டியிருந்தது.

இதைத் தாய்மை, பாசம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அன்றைய பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. எனக்கு இது வேலைப் பங்கீட்டின் இன்னொரு பகுதியாகவே தெரிகிறது. தாகத்தால் அழும் ஆறு பிள்ளைகள் படகில் இருந்தால், மற்ற நாற்பது பேரின் பொறுமையும் கரையும். தண்ணீர் அளவை மாற்றச் சொல்லி அதிகாரிமீது அழுத்தம் வரும். ஒரே ஒருவர் அந்தப் பிள்ளைகளின் கவனத்தை முழுநேரமாக வேறு பக்கம் திருப்பியதால், படகை ஓட்டுகிறவர்கள் படகை மட்டும் பார்க்க முடிந்தது.

சிறுவர்களின் கால்கள் வீங்கி மரத்துப்போயின. நாட்கணக்கில் குளிர்ந்த நீரில் ஊறும் பாதத்தில், உறைபனி இல்லாமலேயே நரம்பும் ரத்தக் குழாயும் கெட்டுவிடும். கடைசி நாட்களில் ஒரு சிறுவன் கால் வலியில் பிதற்றத் தொடங்கிவிட்டான். ஆசிரியை அவர்கள் கைகால்களை மணிக்கணக்கில் தேய்த்துவிட்டார். ரத்த ஓட்டம் வரட்டும் என்ற எண்ணத்தில், அன்றைக்குத் தெரிந்த வைத்தியம். இப்போதைய அறிவுரை வேறு: அப்படிப்பட்ட பாதத்தைத் தேய்க்கக் கூடாது, துடைத்து உலர்த்தி, சற்று உயர்த்தி வைத்து, மெதுவாகச் சூடேற விட வேண்டும். அந்தப் படகில் உலர்த்த ஒரு துணிகூட இல்லை என்பது வேறு விஷயம்.

கணக்கில் விடுபட்ட படகு

இனி இரண்டாம் கேள்வி. ஆபத்துச் செய்தி கிடைத்ததும் சுமார் 300 மைல் தொலைவிலிருந்து 'ஹரிக்கேன்' என்ற நாசகாரிக் கப்பலை அனுப்பினார்கள். புயலில் முட்டி மோதி, மறுநாள் 18-ஆம் தேதி பிற்பகலில் அது வந்து சேர்ந்தது. மாலை வரை தேடி 105 பேரை மீட்டது. கடுமையான வேலை, அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

அதே இரவில் அதே அணியில் 'மரினா' என்ற சரக்குக் கப்பலும் டார்பிடோ தாக்கி மூழ்கியிருந்தது. அதன் படகு ஒன்றையும் 'ஹரிக்கேன்' கண்டுபிடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டது. அந்தப் படகு 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' கணக்கில் சேர்ந்துவிட்டது. எண்ணிக்கை சரியாக வந்ததால் எல்லாப் படகுகளும் கிடைத்துவிட்டன என்ற முடிவோடு கப்பல் திரும்பியது. பன்னிரண்டாம் எண் படகைத் தேட யாரும் போகவில்லை, ஏனென்றால் காகிதத்தில் அது ஏற்கெனவே மீட்கப்பட்டிருந்தது.

இதில் யாரும் சோம்பேறித்தனம் செய்யவில்லை. எண்ணியதும் ஒழுங்காகத்தான் எண்ணினார்கள். எண்ணியது படகுகளை, ஆட்களை அல்ல. மீண்டவர்களிடம் எந்தக் கப்பல், எந்த எண் படகு என்று கேட்டு ஒரு பட்டியல் எழுதியிருந்தால் அரை மணி நேரத்தில் பிழை தெரிந்திருக்கும். ஆனால் தளம் முழுக்கக் குளிரில் விறைத்தவர்கள், இறந்துகொண்டிருந்த பிள்ளைகள், எந்நேரமும் நீர்மூழ்கி வரலாம் என்ற பயம். அந்த நிலையில் எண்ணிக்கை பொருந்திவிட்டால் அதை மறுபடி சோதிக்க யாருக்கும் தோன்றாது.

இப்படிப்பட்ட பிழை போர்க்காலத்தோடு போய்விடவில்லை. 2014 ஏப்ரலில் தென்கொரியாவில் 'செவோல்' படகுக்கப்பல் மூழ்கியபோது 368 பேர் மீட்கப்பட்டதாக முதலில் அரசே அறிவித்தது. பிறகுதான் அந்த எண் தவறு என்று தெரிந்தது. அன்று இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 304 பேர்.

பெற்றோருக்குத் தகவல் போனது. ஆறு சிறுவர்களும் இறந்துவிட்டதாக அவர்கள் குடும்பங்கள் நம்பின.

மீட்பு

நடுவில் ஒரு நாள் ஒரு சரக்குக் கப்பல் படகை நோக்கி வந்து, பிறகு திரும்பிப் போய்விட்டது. ஏன் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. நீர்மூழ்கிகள் உயிர்காப்புப் படகைத் தூண்டிலாகப் பயன்படுத்தும் என்ற பயம் அந்நாளில் மாலுமிகளிடம் இருந்தது. படகில் இருந்தவர்களின் மனம் உடைந்தது அன்றுதான். ஆனால் அன்று மாலையும் தண்ணீர்க் குவளை அதே நேரத்துக்கு வந்தது.

எட்டாம் நாள், செப்டம்பர் 25, சிறுவர்களில் ஒருவன் வானத்தில் ஒரு விமானத்தைக் கண்டான். அது ஒரு சண்டர்லேண்ட் கடல் விமானம். படகில் இருந்த சமிக்ஞை மாலுமி கையசைவு எழுத்துகளால் கப்பலின் பெயரைச் சொன்னார். முதல் விமானத்திடம் போட உணவு இல்லை. அது இன்னொரு சண்டர்லேண்டுக்குத் தகவல் சொல்ல, அது வந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டது. 'ஆந்தனி' என்ற நாசகாரிக் கப்பல் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டது. தண்ணீர் ஏறக்குறையத் தீர்ந்திருந்த நாள் அது. படகில் ஏறியவர்களில் ஏறக்குறைய எல்லாரும், ஆறு சிறுவர்கள் உட்பட, உயிரோடு கரை சேர்ந்தார்கள்.

மொத்தக் கணக்கு இதற்கு நேர்மாறு. 407 பேரில் 260 பேர் இறந்தார்கள். 90 பிள்ளைகளில் 77 பேர். பிழைத்த 13 பேரில் கிட்டத்தட்டப் பாதி இந்த ஒரு படகில் இருந்தவர்கள்.

பிறகு நடந்தவை

பிள்ளைகளைக் கடல் வழியாக அனுப்பும் திட்டம் சில நாட்களில் நிறுத்தப்பட்டது. அதற்குள் 2,664 பிள்ளைகள் வெளிநாடு போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

1941 தொடக்கத்திலிருந்து கப்பல் அணிகளின் கடைசியில் தனி மீட்புக் கப்பல்கள் செல்லத் தொடங்கின. தாக்கப்பட்ட கப்பலுக்காக யாரும் நிற்கக் கூடாது என்ற விதி உண்டாக்கிய இடைவெளியை அவை ஓரளவு நிரப்பின. லைஃப் ஜாக்கெட்டில் சிறு சிவப்பு விளக்கு வந்தது. கப்பல் மூழ்கிய பிறகு உயிர் காப்பது பற்றிய மருத்துவக் கையேடு 1943-ல் பிரிட்டனில் வெளியானது. முதல் 24 மணி நேரம் தண்ணீர் தராதே, உடலில் ஏற்கெனவே நீர் இருக்கிறது, அப்போது கொடுத்தால் சிறுநீராக வீணாகும். அதன் பிறகு கஞ்சத்தனம் வேண்டாம் என்பது அதன் சாரம். படகு உணவும் மாறியது: உலர்ந்த வாயில் கரையும் இனிப்பு, பால் மாத்திரை, சாக்லேட் போன்றவை பட்டியலில் ஏறின.

இதெல்லாம் இந்த ஒரு கப்பலால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மூழ்கிய நூற்றுக்கணக்கான கப்பல்களின் அனுபவம் சேர்ந்துதான் வந்தது. ஆனால் குறைகள் ஒவ்வொன்றும் பன்னிரண்டாம் எண் படகிலும் மற்றப் பதினொரு படகுகளிலும் கண்ணுக்கெதிரே இருந்தன.

ஆசிரியைக்கும் இளநிலை அதிகாரிக்கும் பிரிட்டிஷ் அரசு விருதுகள் கிடைத்தன.

ஆவணத்தில் இல்லாதவர்கள்

இந்த நிகழ்வைப் படிக்கும்போது நெருடும் ஒன்று உண்டு. படகில் பெரும்பான்மை லாஸ்கர்கள். சிறுவர்கள், ஆசிரியை, பாதிரியார், அதிகாரி ஆகியோர் என்ன பேசினார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், என்ன பாடினார்கள் என்று விவரமாக அறிய முடிகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பெரும்பாலும் ஒரே கூட்டமாக வருகிறார்கள், கூடிப்போனால் அவர்களுக்குள் முன்னின்ற ஒருவர் மட்டும் தனித்துத் தெரிகிறார். கைப்பிடிகளை முறை வைத்து இழுத்தவர்கள் யார், மெல்லிய பருத்தி உடையில் அந்தக் குளிரை எப்படித் தாங்கினார்கள், அதிகாரியின் கட்டளைகள் அவர்கள் மொழியில் யார் மூலம் போய்ச் சேர்ந்தன என்பதெல்லாம் மங்கலாகவே இருக்கிறது. ஒழுங்கு காத்த படகு என்று புகழப்படும் படகில், அந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இவர்கள்.

திரைப்படத்திலும் இதே கோளாறு நடந்தது. அதன் மூலக்கதையை எழுதிய ஜான் ஸ்டைன்பெக், படத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். தான் கண்ணியத்தோடு எழுதிய கறுப்பினப் பாத்திரத்தை வழக்கமான நகைச்சுவை அச்சில் வார்த்துவிட்டார்கள் என்பது அவருடைய புகார்களில் ஒன்று. நிறுவனம் பெயரை எடுக்கவில்லை.

மாற்ற வேண்டியவை

கடல் மீட்பில் முதலில் மாற வேண்டியது எண்ணும் முறை. எத்தனை படகு, எத்தனை தலை என்று எண்ணுவதோடு நிற்காமல், ஏறிய பட்டியலிலுள்ள பெயர்களோடு மீண்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். எண்ணிக்கை பொருந்தியதாலேயே தேடலை நிறுத்தக் கூடாது. ஒரே இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் மூழ்கியிருந்தால் இது இரண்டு மடங்கு அவசியம். தேடலை முடித்துவிடலாம் என்று சொல்கிறவரும், பட்டியலைச் சரிபார்க்கிறவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது நல்லது.

சாதனங்களைப் பொறுத்தவரை நிலைமை வெகுவாக மாறிவிட்டது. இன்றைய சர்வதேச விதிப்படி உயிர்காப்புப் படகில் ஓர் ஆளுக்கு மூன்று லிட்டர் குடிநீர் இருக்க வேண்டும். பெரிய கப்பல்களின் படகுகள் மேல் மூடியோடு வருகின்றன. இருக்குமிடத்தைச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும் கருவியும் உண்டு. எட்டு நாள் யார் கண்ணிலும் படாமல் போவது இப்போது அரிது. ஆனால் இவையெல்லாம் பெரிய கப்பல்களுக்கான விதிகள். சிறு படகுகளில் கடலுக்குப் போகிறவர்களிடம் பன்னிரண்டாம் எண் படகில் இருந்த அளவு தண்ணீர்கூட இருப்பதில்லை.

படகை நடத்தும் முறையில் அன்று செய்ததை அப்படியே வைத்துக்கொள்ளலாம்: முதல் சில மணி நேரத்திலேயே இடம், வேலை, பங்கீடு மூன்றையும் சொல்லிவிடுவது, பங்கீட்டை எல்லார் முன்னிலையிலும் செய்வது, பலவீனமானவர்களுக்கென ஒருவரை வேறு வேலையில்லாமல் ஒதுக்குவது. சேர்க்க வேண்டியது ஒன்று. படகில் பேசப்படும் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் ஆளைத் தலைவர் பக்கத்தில் அமர்த்த வேண்டும். நாற்பத்தாறு பேரில் முப்பது பேருக்குக் கட்டளை சுற்றிவளைத்துப் போய்ச் சேர்வது, காற்று கொஞ்சம் மாறியிருந்தால் உயிர்ச்சேதத்தில் முடிந்திருக்கலாம்.

பதிவு செய்யும் முறையும் மாற வேண்டும். மீட்கப்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்கும்போது பதவி பார்க்காமல் எல்லாரிடமும், அவரவர் மொழியிலேயே வாங்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் இறந்த இந்திய வணிகக் கப்பல் மாலுமிகள் சுமார் 6,000 பேரின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவேடுகளில் இருக்கின்றன. பிழைத்தவர்களுக்கு அப்படி ஓர் ஏடும் கிடையாது. இந்த நிகழ்வை இனி ஆராய்கிறவர்கள் சிறுவர்களின் நினைவுகளை மறுபடி அலசுவதைவிட, அந்தக் கப்பலின் லாஸ்கர் ஒப்பந்தப் பட்டியலிலிருந்து தொடங்குவது பயன் தரும்.